கொரோலாவின் ட்ரான்ஸ்மிஷன் ஒயில்: ட்ரைவ்வேயில் ஒரு சனிக்கிழமை

என்னுடையது 2005 ரொயோட்டா கொரோலா. ஓட்டோமற்றிக், நாலு கியர். இப்போது 231,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. அடியெல்லாம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பனிக்காலத்தில் தெருவுக்குப் போடுகிற உப்பு. இதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கோ என்று வீட்டில் சொல்லாத மாதம் இல்லை. ஆனால் இன்றைக்கும் கியர் மாறுவது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. 60,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ட்ரான்ஸ்மிஷன் ஒயிலையும் (கியர்பொக்ஸுக்குள் ஓடுகிற ஒயில்) ஃபில்ரரையும் நானே மாற்றிவிடுவேன். அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

எஞ்சின் ஒயிலைத் தாங்களே மாற்றுகிறவர்கள்கூட இந்த வேலைக்குக் கிட்டப் போகப் பயப்படுகிறார்கள். கழற்றுவதற்குப் பயப்படத் தேவையில்லை. இருபது போல்ட்டைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தால் போதும். ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸை வீட்டில் வைத்துக் கெடுப்பதென்றால் இரண்டே வழிதான்: பிழையான ஒயிலை ஊற்றுவது, பிழையான அளவில் ஊற்றுவது. இந்த இரண்டிலும் கவனமாக இருங்கள். மிச்சமெல்லாம் கை அழுக்காகிற வேலை.

முதலில் ஒயில். எஞ்சின் ஒயிலுக்கு உராய்வைக் குறைப்பதுதான் பெரிய வேலை. இதற்கு அப்படியில்லை. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கிற ரோர்க் கன்வேர்ட்டருக்குள் விசையைக் கடத்துவதும் இதுதான், கிளச்சுகளை அழுத்திப் பிடிப்பதும் இதுதான், சூட்டைக் கொண்டுபோவதும் இதுதான். கிளச் தட்டுகள் இதற்குள் ஊறியபடியே ஒன்றையொன்று பிடிக்கவேண்டும். வழுக்கவும் வேண்டும், வேண்டிய நேரத்தில் வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். அந்தக் குணத்துக்காக 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் திமிங்கில எண்ணெயைக்கூட இதில் கலந்தார்கள். பிறகு தடை வந்தது. ஒவ்வொரு கியர்பொக்ஸும் ஒரு குறிப்பிட்ட உராய்வுக்கென்றே செய்யப்படுவதால்தான் இதில் இத்தனை வகை.

என் காருக்கு ரொயோட்டாவின் ரைப் ரி-ஃபோர் (Type T-IV) என்ற ஒயில். ஒயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்ரிக்கை இழுத்தால் அதிலேயே எழுதியிருக்கும். 2009 மாடல் முதல் வந்த நாலு கியர் கொரோலாவுக்கு டபிள்யூ.எஸ் (WS) என்ற வேறு ஒயில், ஒன்றுக்குப் பதில் மற்றது கூடாது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்றும் நினைக்காதீர்கள். சிவப்பு வெறும் சாயம், ஒழுகினால் எஞ்சின் ஒயில் இல்லை என்று பிரித்தறியப் போட்டது. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று போத்தலில் போட்டிருப்பதை நான் வாங்குவதில்லை. ஐந்து டொலர் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

ஆறு லீற்றர் வாங்குங்கள். அவ்வளவும் உள்ளே போகாது, ஆனால் பாதி வேலையில் கடைக்கு ஓடுவதற்குக் கார் இருக்காது. கூடவே ஃபில்ரரும் கஸ்கெற்றும் (ஒழுகாமல் இடையில் வைக்கிற அடைப்பு) சேர்ந்த ஒரு கிட், ஒயிலை வடிக்கத் திறக்கிற ட்ரெயின் பிளக்குக்கு ஒரு புது வாஷர், பிரேக் கிளீனர் இரண்டு ரின், பஞ்சு உதிராத துணி. கழுத்து நீண்ட, மெல்லிய புனல் ஒன்று கட்டாயம் வேண்டும், டிப்ஸ்ரிக் குழாய் அவ்வளவு ஒடுக்கம். அளவுகோடு போட்ட வெறும் பிளாஸ்ரிக் கலன் ஒன்றும் எடுத்துவையுங்கள். இந்த வேலைக்கு அதுதான் முக்கியமான ஆயுதம், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

இந்த நாட்டில் மே முதல் செப்ரெம்பருக்குள் செய்யுங்கள். உப்புப் பட்டு இறுகிய போல்ட்களுக்கு முதல்நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். காரை முதலில் ஒரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஒயில் இளஞ்சூட்டில் இருந்தால் நன்றாக வடியும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும், பக்கத்திலேயே சைலன்சர் குழாயும் இருக்கிறது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைபிரேக் இழுத்து, முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்ரான்ட்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. ஸ்ரான்ட்டில் ஏற்றிய பிறகு காரைக் கையால் ஒருதரம் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் கீழே படுப்பேன்.

கீழே இரண்டு ட்ரெயின் பிளக் இருக்கின்றன. எஞ்சின் ஒயிலுடையது 14 மில்லிமீற்றர் தலை உள்ள சாதாரண போல்ட். ட்ரான்ஸ்மிஷனுடையது 10 மில்லிமீற்றர் அலன் சாவி உள்ளே போகிற குழித்தலை. மாறிக் கழற்றினால் நிறமே சொல்லிவிடும். ஆனால் அப்போது உங்களுக்கு இரண்டு வேலை.

பிளக்கைக் கழற்ற முதல் டிப்ஸ்ரிக்கை வெளியே இழுத்துவிடுங்கள். காற்றுப் போக வழி கிடைக்கும், மேலே ஊற்றுகிற குழாய் அடைபடாமல் இருக்கிறதென்றும் உறுதியாகும். பிறகு திறந்து வடியவிடுங்கள். இந்தமுறை என் மனைவியின் தம்பி உதவிக்கு வந்திருந்தான். எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், பிளேன்ரீ மாதிரிக் கிடக்கு" என்றான். அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. பிளேன்ரீ நிறம் என்றால் பழசு, மாற்ற நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். கோப்பி நிறமாகி எரிந்த மணமும் வந்தால் உள்ளே கிளச் தேய்ந்து எரிந்திருக்கிறது. பால் ஊற்றின ரீ மாதிரி இருந்தால் ரேடியேற்றரிலிருந்து தண்ணீர் கலக்கிறது. அந்த நிலையில் ஒயில் மாற்றிப் பயனில்லை, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது பான். (சாப்பிடுகிற பாணில்லை, கியர்பொக்ஸின் அடியில் இருக்கிற தட்டு.) சுற்றிவர 10 மில்லிமீற்றர் தலை போல்ட்கள். பிளக்கால் வடிந்த பிறகும் உள்ளே கொஞ்சம் நிற்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் முகத்தில்தான் விழும். ஒரு பக்கத்து போல்ட்களைக் கழற்றி, மற்றப் பக்கத்தில் மூன்று நான்கை அரைவாசி தளர்த்தி விட்டுவிடுங்கள். பான் சரியும், மிச்சம் அந்தப் பக்கத்தால் வடியும். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். மேலே இருப்பது அலுமினியம். இடுக்கில் ஸ்குறூ ட்ரைவரைக் கொடுத்து நெம்பினால் கீறல் விழும், அந்தக் கீறலால் காலம் முழுக்க ஒழுகும்.

பானைக் கழற்றியதும் உடனே கழுவிவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து ஒருதரம் பாருங்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். அடியில் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் பசை மாதிரிப் படிந்திருப்பது வழமையான தேய்மானம். விரலுக்கிடையில் உரசினால் நெருநெருவென்றில்லாமல் மாவாகக் கரையவேண்டும். சுருள் சுருளாக, சிம்பாக உலோகம் அகப்பட்டால் ஏதோ ஒன்று உடைந்துகொண்டிருக்கிறது. எனக்கு இந்தமுறை பசைதான், அதுவும் போனதடவையைவிடக் குறைவு. காந்தங்களைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். பிரேக் கிளீனரால் பானைக் கழுவிக் காயவிடுங்கள். கஸ்கெற் இருக்கிற இரண்டு முகங்களிலும் பழையது ஒரு துணுக்கும் மிஞ்சக்கூடாது. அலுமினிய முகத்துக்குப் பிளாஸ்ரிக் சுரண்டி மட்டும்.

ஃபில்ரர் மேலே தெரியும், தட்டையான ஒரு பெட்டி மாதிரி. ஒரு சில போல்ட்களை எடுத்தால் கையோடு வந்துவிடும், அதற்குள் நிற்கிற ஒயிலும் கையோடு வரும். போல்ட்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு மட்டையில் படம் கீறி, எது எங்கிருந்து வந்ததோ அங்கே குத்திவையுங்கள். நீளமானதை ஆழம் குறைந்த துளையில் முறுக்கினால், ஃபில்ரர் பூட்டியிருக்கிற வால்வ் பொடி (valve body) என்ற பாகத்தில் வெடிப்பு விழுந்துவிடும். பழைய ஃபில்ரரின் ஓ-வளையமோ கஸ்கெற்றோ மேலே ஒட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் பம்ப் ஒயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

இனிப் பூட்டுவது. முதல் தடவை இந்த வேலையைச் செய்தபோது, ஒழுகிவிடக்கூடாதே என்ற பயத்தில் பான் போல்ட்களை என் பலம் முழுக்கப் போட்டு முறுக்கினேன். கோர்க் கஸ்கெற் பிதுங்கி வெளியே வந்து, இரண்டாம் நாளே ட்ரைவ்வேயில் சிவப்பு வட்டம். அந்தக் கறை இன்னும் போகவில்லை, அதைப் பற்றிய கதையும் போகவில்லை. பெரும்பாலான ரொயோட்டாக்களின் பான் போல்ட்களுக்கு 5 முதல் 8 நியூட்டன் மீற்றர் போதும். அதாவது மணிக்கட்டால் முறுக்குகிற அளவு, தோளால் இல்லை. உங்கள் காருக்குரிய சரியான எண்ணைக் கைநூலில் பாருங்கள். எல்லாவற்றையும் முதலில் கைவிரலால் பூட்டி, பிறகு குறுக்கும் மறுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சிலிக்கோன் பூச வேண்டாம். பிதுங்கி உள்ளே விழுகிற துண்டு நேரே புது ஃபில்ரருக்குத்தான் போகும். ட்ரெயின் பிளக்கைப் புது வாஷரோடு பூட்டுங்கள்.

இப்போது அந்த அளவுகோடு போட்ட கலன். வடிந்தது முழுவதையும், பானிலிருந்தும் ஃபில்ரரிலிருந்தும் வந்ததையும் சேர்த்து, அதில் ஊற்றி அளந்துபாருங்கள். எனக்கு 3.3 லீற்றர் வந்தது. புதிதாகப் போகவேண்டியதும் அதேயளவுதான். ஆனால் முதலில் 3 லீற்றர் மட்டும் ஊற்றுங்கள். குறைந்தால் ஊற்றுவது ஒரு நிமிட வேலை. கூடினால் உறிஞ்சி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கூடின ஒயிலைச் சுழல்கிற பாகங்கள் அடித்து நுரையாக்கிவிடும், நுரையால் கிளச்சை அழுத்திப் பிடிக்க முடியாது. பழைய ஒயிலே முதலில் சரியான அளவில் இருந்ததா என்பதும் கேள்விதான், அதனால் கலனின் கணக்கு தொடக்கத்துக்கு மட்டும். முடிவு சொல்வது டிப்ஸ்ரிக்.

டிப்ஸ்ரிக்கைப் பார்ப்பதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். ரொயோட்டாவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். காரைக் கீழே இறக்கி, ஸ்ரார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி கியரை பி-யிலிருந்து (பார்க்) கடைசி வரை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செக்கன் நிறுத்தி, இறக்கித் திரும்ப பி-க்குக் கொண்டுவாருங்கள். குளிர் அடையாளத்துக்குள் இருந்தால் ஓட்டலாம். ஒரு பதினைந்து இருபது கிலோமீற்றர் ஓடி, ஒயில் 70, 80 பாகை சூட்டுக்கு வந்தபிறகு, சமதரையில் நிறுத்தி இதே மாதிரித் திரும்பவும். துடைத்து, விட்டு, இழுத்து, சூட்டு அடையாளத்தின் இரண்டு கோடுகளுக்கிடையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு விதமாகக் காட்டினால் குறைவாகக் காட்டுகிற பக்கத்தை நம்புங்கள், மற்றது இழுக்கும்போது குழாயில் உரசிப் பட்ட ஒயில். எங்கள் ட்ரைவ்வே தெருவை நோக்கிச் சரிவு, ஆகவே கடைசி அளவை நான் பக்கத்துக் காய்கறிக் கடையின் பார்க்கிங்கில்தான் பார்ப்பேன். பொனற்றைத் திறந்துகொண்டு நின்றால் உதவி வேணுமோ என்று நாலு பேர் வருவார்கள்.

எனக்கு இந்தமுறை இன்னும் 200 மில்லிலீற்றர் தேவைப்பட்டது.

இதோடு ஒயில் முழுக்க மாறிவிட்டதென்று நினைக்காதீர்கள். பெரும்பங்கு ரோர்க் கன்வேர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் பழசாகவே நிற்கிறது. ஒரு தடவையில் 40 வீதம் மாறுகிறதென்று வைத்தால், இரண்டாம் தடவைக்கு 64, மூன்றாம் தடவைக்கு 78. எல்லாவற்றையும் ஒரே நாளில் மெஷின் போட்டுத் தள்ளிவிடலாம் என்று கராஜ்களில் சொல்வார்கள். வருடக்கணக்காகத் தொடாத கியர்பொக்ஸில் அந்த அவசரம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்கெனவே வழுக்குகிற கியரைப் புது ஒயில் திருத்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ்ரிக் இல்லாத கார்களுக்கும், தனித்தனிக் கியர் இல்லாத சி.வி.ரி (CVT) கார்களுக்கும் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அவற்றில் அளவு பார்க்கும் முறையும் ஒயிலும் வேறு, பலவற்றில் சூட்டைக் கருவியால் அளந்துதான் பார்க்கவேண்டும்.

பழைய ஒயிலைப் புது ஒயில் வந்த போத்தல்களிலேயே ஊற்றி மூடி, ரொறன்ரோ நகரசபையின் கழிவு டிப்போவில் கொடுத்துவிட்டேன். காருக்குக் கீழே ஒரு வெள்ளை மட்டை விரித்திருக்கிறேன், மூன்று நாளாகக் காய்ந்தபடியே கிடக்கிறது. திகதியும் கிலோமீற்றரும் எழுதின துண்டு பொனற்றுக்கு அடியில் ஒட்டியாயிற்று. உள்ளே மிஞ்சி நிற்கிற பழசுக்காக ஓகஸ்ட்டில் இரண்டாம் தடவை. அப்போது பானைக் கழற்றத் தேவையில்லை, பிளக்கைத் திறந்து வடித்து, அளந்து, அதேயளவு ஊற்றுவது மட்டும்.