பக்கத்து வீட்டு மாமா எங்கே போவார்? மறுமை பற்றிச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, புதுநகரம், கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் பக்கம் தமிழ் முஸ்லிம்களான ராவுத்தர் வீடும் இந்துக்களான கவுண்டர் வீடும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தெருக்கள் நிறைய. ஒரு வீட்டில் மரணம் என்றால் மறு வீட்டில் அடுப்பு எரியாது. பந்தல் போட, நாற்காலி இறக்க, வந்தவர்களுக்குக் கட்டன் சாயா கொடுக்க எல்லாரும் நிற்பார்கள். அந்த நேரத்தில்தான் வீட்டுப் பிள்ளை கேட்கும்: "அத்தா, அந்த மாமா சொர்க்கத்துக்குப் போவாங்களா?"

பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "கலிமா சொல்லாம மௌத்தானா நரகம்தான்" என்பது ஒன்று; இஸ்லாமிய உறுதிமொழி சொல்லாமல் இறந்தால் நரகம் என்று பொருள். "நல்ல மனுசன், எந்த மதமானா என்ன, சொர்க்கம்தான்" என்பது மற்றொன்று. முன்னது அல்லாஹ்வின் தீர்ப்பைத் தன் கையில் எடுக்கிறது. பின்னது குர்ஆனில் இருப்பதை இல்லை என்கிறது. இரண்டுமே தவறு.

பொது விதியை ஆள் மேல் சுமத்துவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். உண்மை தெளிவாக வந்து சேர்ந்த பிறகும் அதை மறுத்து, அந்த மறுப்பிலேயே இறந்தவருக்கு நரகம் என்று குர்ஆன் சொல்கிறது. இது ஒரு வகையினரைப் பற்றிய விதி. இன்ன தெருவில் இன்ன வீட்டில் இறந்தவர் அந்த வகையில் சேர்ந்தவரா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல மூன்று விஷயம் தெரிய வேண்டும்: அவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது, அதை அவர் மனதில் எப்படி எடுத்துக்கொண்டார், கடைசி மூச்சில் அவர் உள்ளத்தில் என்ன இருந்தது. உயிர் தொண்டைக்குழிக்கு வரும்வரை தவ்பா (பாவத்திலிருந்து மனம் திரும்புதல்) ஏற்கப்படும் என்று திர்மிதி என்ற தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. அந்தக் கடைசி நிமிடத்தைப் பார்த்தவர் யார்? நபியை எதிர்த்த அபூலஹப் போன்றவர்களின் முடிவு வஹியால் (இறைச்செய்தியால்) சொல்லப்பட்டது. நமக்கு வஹி வருவதில்லை.

முஸ்லிமாக இறந்தவர் விஷயத்திலேயே நபி (ஸல்) இந்தக் கட்டுப்பாட்டை வைத்திருக்கிறார்கள். பத்ர் போரில் கலந்துகொண்ட உஸ்மான் இப்னு மழ்ஊன் மதீனாவில் இறந்தபோது, "அல்லாஹ் உங்களைக் கண்ணியப்படுத்திவிட்டான்" என்று உம்முல் அலா என்ற பெண்மணி சொன்னார். "அது உனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு நன்மையை நான் ஆதரவு வைக்கிறேன். அல்லாஹ்வின் தூதராக இருந்தும் எனக்கு என்ன செய்யப்படும் என்று நான் அறியேன்" என்று நபி சொன்னார்கள். இது புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. நாம் இறந்தவர் பெயருக்கு முன்னால் போடும் 'மர்ஹூம்' என்ற சொல்லும் அப்படித்தான். 'அருளப்பெற்றவர்' என்று பொருள்படும் அது துஆ, அதாவது பிரார்த்தனை. சான்றிதழ் அன்று.

'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் இன்னொரு ஹதீஸ் இதைவிடக் கடுமையானது. "அல்லாஹ் மீது ஆணையாக, இன்னாரை அவன் மன்னிக்க மாட்டான்" என்று ஒருவர் சொன்னார். "நான் மன்னிக்க மாட்டேன் என்று என் மேல் சத்தியம் செய்வது யார்? அவரை மன்னித்துவிட்டேன், உன் அமலை (நற்செயல்களை) அழித்துவிட்டேன்" என்றான் அல்லாஹ். மரண வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும்.

பாதி ஆயத்தோடு (குர்ஆன் வசனத்தோடு) நிறுத்துவது

"என் அருள் எல்லாப் பொருளையும் சூழ்ந்திருக்கிறது" (7:156). மேடைகளில் இங்கேயே நிறுத்துகிறார்கள். ஆயத்து அதோடு முடியவில்லை. இறையச்சம் உடையவர்கள், ஸகாத் கொடுப்பவர்கள், நம் வசனங்களை நம்புகிறவர்கள், இவர்களுக்கு அதை விதிப்பேன் என்று தொடர்கிறது. மழை, சோறு, பிள்ளைப்பாசம் என்று இம்மையில் எல்லாருக்கும் கிடைக்கும் ரஹ்மத் (அருள்) ஒன்று, மறுமையில் விதிக்கப்படும் ரஹ்மத் ஒன்று என்று உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பிரித்துச் சொல்வது இதனால்தான்.

2:62-ம் அப்படியே. யூதர், கிறிஸ்தவர், ஸாபியீன் என்ற பழைய மதத்தவர்களில் அல்லாஹ்வையும் மறுமையையும் நம்பி நற்செயல் செய்தவர்களுக்குக் கூலி உண்டு என்ற ஆயத்தை மட்டும் ஓதிவிட்டு இஸ்லாம் அல்லாத மார்க்கம் ஏற்கப்படாது என்ற 3:85-ஐ விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) முதல் ஆயத்தை, அந்தந்த நபியின் காலத்தில் அவரைப் பின்பற்றி வாழ்ந்தவர்களுக்கு என்று விளக்குகிறார்கள். "இந்தச் சமுதாயத்தில் யூதரோ கிறிஸ்தவரோ என்னைப் பற்றிக் கேட்டு, நான் கொண்டுவந்ததை நம்பாமல் இறந்தால் நரகவாசியே" என்று 'முஸ்லிம்' தொகுப்பில் வரும் ஹதீஸையும் மறைக்கக் கூடாது. அண்டை வீட்டார் மனம் நோகுமே என்று மறைத்தால் பிறகு பிள்ளை வேறெங்காவது அதைப் படித்துவிட்டு, நம்மைப் பொய்யர் என்று நினைக்கும்.

அந்த ஹதீஸில் "கேட்டு" என்று ஒரு சொல் இருக்கிறதே, எல்லா விவாதமும் அதன் மேல்தான் நிற்கிறது.

கேட்டது என்றால் என்ன என்று கேட்காமல் விடுவது

"ஒரு தூதரை அனுப்பாதவரை நாம் வேதனை செய்வதில்லை" (17:15). இதை வைத்து இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) 'ஃபைஸலுத் தஃப்ரிகா' என்ற நூலில், தம் காலத்துக் கிறிஸ்தவ ரோமர்களையும் தூர தேசத்துத் துருக்கியர்களையும் எண்ணி, மூன்று கூட்டமாகப் பிரித்தார். நபியின் பெயரே காதில் விழாதவர்களுக்கு மன்னிப்பு உண்டு. நபியின் பெயர், குணம், அற்புதங்கள் எல்லாம் தெரிந்து, முஸ்லிம்களின் பக்கத்திலேயே இருந்தும் மறுத்தவர்கள் குற்றவாளிகள். மூன்றாவது கூட்டம் பெயரைக் கேட்டார்கள், ஆனால் பொய்யர் என்றும் ஏமாற்றுக்காரர் என்றும் சின்ன வயது முதல் திரித்துச் சொல்லப்பட்டே கேட்டார்கள். இவர்களும் முதல் கூட்டத்தைப் போன்றவர்கள்தான் என்றார் கஸ்ஸாலி. தேடிப் பார்க்கத் தூண்டும் எதுவும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அவர் காட்டும் காரணம்.

நம் தெருவில் இதைப் பொருத்தும்போதுதான் கை நடுங்க வேண்டும். பக்கத்து வீட்டில் இருப்பதாலேயே அந்த மாமா இரண்டாம் கூட்டம் என்று சட்டென்று எழுதிவிட முடியாது. ஐம்பது வருடம் பாங்குச் சத்தம் கேட்டிருக்கிறார், சரி. அதன் பொருள் யார் சொன்னது? நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறார். நாம் வாங்கிய கடனைத் திருப்பித் தராததையும், எல்லைக் கல்லை நகர்த்தியதையும் கண்டிருக்கிறார். அவருக்குப் போய்ச் சேர்ந்தது இஸ்லாமா, நம் நடத்தையா? இந்தக் கேள்வி அவரைவிட நம்மைத்தான் அதிகம் பிடிக்கிறது.

மத்ஹப் (ஹனஃபி, ஷாஃபி போன்ற சட்டப் பிரிவு) வேறுபாட்டைச் சண்டையாக்குவது

இந்தப் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். ராவுத்தர் பள்ளியில் ஹனஃபி ஹஜ்ரத் ஒன்று சொல்வார், நாலு தெரு தள்ளி, மலையாள முஸ்லிம்களான மாப்பிளைமார் பள்ளியில் ஷாஃபி உஸ்தாத் வேறொன்று சொல்வார். கேட்டவர் குழம்பி, ஒருவர் தவறு என்று முடிவு கட்டுவார். இரண்டுக்கும் வேர் உண்டு. ஷாஃபிகள் பெரும்பாலும் அகீதாவில் (நம்பிக்கைக் கோட்பாட்டில்) அஷ்அரி என்ற பிரிவினர்: தூது வராதவருக்கு எந்தக் கடமையும் இல்லை, தண்டனையும் இல்லை. ஹனஃபிகள் பெரும்பாலும் மாதுரீதி என்ற இன்னொரு பிரிவினர். அவர்களில் சமர்கந்து உலமாக்கள், வானத்தையும் பூமியையும் பார்த்தே படைத்தவன் ஒருவன் உண்டு என்று அறிவால் அறிவது கடமை, தூது வராவிட்டாலும் அதில் சாக்கு இல்லை என்றார்கள். இமாம் அபூஹனீஃபா பெயரால் வரும் சொல் ஒன்றே அவர்களுக்கு ஆதாரம். புகாரா உலமாக்களோ அதே மாதுரீதிகளாக இருந்தும் அஷ்அரிகளின் பக்கம் சாய்ந்தார்கள். தொழுகை, நோன்பு போன்ற சட்டங்கள் தூது வராதவர் மேல் கடமை இல்லை என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை. பேதம் படைத்தவனை அறிவதில் மட்டும்தான்.

தூது வராதவர், செவிடர், புத்தி சுவாதீனம் இல்லாதவர், மூப்பில் நினைவு தப்பியவர் ஆகியோர் மறுமையில் தனியே சோதிக்கப்படுவார்கள் என்று முஸ்னத் அஹ்மத் என்ற தொகுப்பில் ஹதீஸ் வருகிறது. குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கஸீர் இதை ஏற்றார். மறுமை சோதனைக்கான இடம் அல்லவே என்று ஹதீஸ் அறிஞர் இப்னு அப்துல் பர் தயங்கினார்.

குழந்தைகளை இந்தக் கணக்கில் சேர்ப்பது

பருவமடையாமல் இறந்த முஸ்லிமல்லாதோர் குழந்தையைப் பற்றி வாய் தவறியும் நரகம் என்று சொல்லாதீர்கள். புகாரியில் வரும் நீண்ட கனவு ஹதீஸில், தோட்டத்தில் இப்ராஹீம் நபியைச் சுற்றிக் குழந்தைகள் நிற்கிறார்கள். "இணைவைப்போரின் குழந்தைகளுமா?" என்று தோழர்கள் கேட்க, "இணைவைப்போரின் குழந்தைகளும்தான்" என்று பதில் வருகிறது. உலமாக்களிடையே வேறு கருத்துகளும் உண்டு. ஆனால் அக்குழந்தைகள் சொர்க்கத்தில் என்பதே சரியான கருத்து என்றார் இமாம் நவவி.

மரண வீட்டில் நாக்கும் காலும்

போகவே கூடாது என்பது தவறு. ஒரு யூதரின் ஜனாஸா (பிரேதம்) கடந்தபோது நபி எழுந்து நின்றார்கள். "அது யூதருடையது" என்றபோது, "அதுவும் ஓர் உயிர் அல்லவா?" என்று கேட்டார்கள் (புகாரி). இறந்தவரைத் திட்டாதீர்கள், அவர்கள் செய்ததன்பால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதும் புகாரியில் உண்டு.

எதையும் சொல்லலாம் என்பதும் தவறு. இணைவைப்பில் இறந்தவருக்குப் பாவமன்னிப்புக் கேட்பதை 9:113 தடுக்கிறது. ஆகவே குடும்பத்துக்கு ஆறுதல், பொறுமை, அவர்களுக்கு ஆக வேண்டிய உதவி, இறந்தவர் செய்த நல்லதை நினைவுகூர்தல் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். "அவர் எங்க அத்தாவுக்கு ரத்தம் கொடுத்தவர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டுக்கு அதுவே பெரிது. பிள்ளை கேட்டால்: "அதை அல்லாஹ் முடிவு செய்வான். அவன் யாருக்கும் அணுவளவும் அநியாயம் செய்ய மாட்டான். ஒரு தாய் தன் பிள்ளை மேல் வைக்கும் பாசத்தைவிட அவன் பாசம் பெரிது." இந்தக் கடைசி வரி நபி சொன்னது. கைதிகள் நடுவே தன் குழந்தையைத் தேடிக் கண்டு நெஞ்சோடு அணைத்த ஒரு தாயைக் காட்டிச் சொன்னார்கள்.

இஸ்லாத்துக்கு வந்தவர் ஒருவரின் தாயோ தகப்பனோ பழைய மதத்திலேயே இறந்துபோனால் நிலை இன்னும் கனமானது. அவரிடம் போய் ஆயத்து ஓதி விளக்கும் நேரம் அதுவல்ல. இஸ்லாத்தை ஏற்காத அபூதாலிப் இறந்தபோது "போய் உன் தந்தையை அடக்கம் செய்" என்றுதான் அவர் மகன் அலீ (ரலி) அவர்களிடம் நபி சொன்னார்கள். இப்படிப் பெற்றவரை இழந்தவருக்குச் சொல்ல வேண்டிய ஆறுதலை நவவியின் 'மின்ஹாஜ்' என்ற சட்ட நூல் தனியாகவே எழுதி வைத்திருக்கிறது: "அஃழமல்லாஹு அஜ்ரக வஸப்பரக", அல்லாஹ் உங்கள் கூலியைப் பெரிதாக்கி உங்களுக்குப் பொறுமை தருவானாக. அதைச் சொல்லிவிட்டு, அவர் தோளில் கை வைத்து, பெற்றவரை வழியனுப்பப் போகிற அவரோடு தெருமுனை வரைக்கும் நடந்து போங்கள்.