பூச்சிப் படம் எங்கே கெடுகிறது?

தோட்டத்துப் பூச்சியைப் படம் பிடிப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, அளவுக்கு மீறிக் கிட்டே போவது. எந்த லென்ஸாக இருந்தாலும், ஒரு தூரத்துக்குள் வந்துவிட்டால் ஃபோகஸ் ஆகாது. பல செல்போன்களின் முதன்மைக் கேமராவுக்கு அந்தத் தூரம் 10 செ.மீ. அல்லது அதற்கும் மேல். மிகக் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ வசதி இல்லாத போனைப் பொறிவண்டின் தலைக்கு மேல் கொண்டுபோய் நீட்டினால் மங்கல்தான் மிஞ்சும். ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் தெளிவாக எடுங்கள். அப்புறம் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

சரி, ஃபோகஸ் ஆகிவிட்டது. எதன்மேல்? இவ்வளவு கிட்டத்தில் கூர்மையாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதை முதுகுக்குக் கொடுத்துவிட்டால் படம் உயிரில்லாமல் போகும். கண்ணுக்குக் கொடுங்கள். கண் துலக்கமாக இருந்தால், பின்னங்கால் மங்கியிருப்பது உறுத்தாது. சிறகை மூடி உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சிக்கு மட்டும் கேமராவைச் சிறகுக்கு இணையாகப் பிடியுங்கள். முழுச் சிறகும் தெளியும்.

நாம் மூச்சு விடும் அசைவுக்கே ஃபோகஸ் நழுவும். அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டாம். ஃபோகஸைப் பூட்டிவிட்டு, உடம்பை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்தியபடி தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படம் எடுங்கள். ஒன்றிரண்டு நிச்சயம் தேறும் என்று சொல்ல முடியாது, ஆனால் எனக்குப் பிடித்த படங்கள் இப்படித்தான் வந்தன.

துளையை மாற்றக்கூடிய கேமராவானால், லென்ஸ் துளையை எஃப்/22 வரை சுருக்காதீர்கள் (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). ஆழம் கூடினாலும் ஒளி சிதறிப் படம் முழுக்கக் கூர்மை குறையும். எஃப்/8, எஃப்/11 போதும். வெறும் ஃபிளாஷ் வண்டின் ஓட்டில் வெள்ளைத் திட்டாக விழும். ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால் வெளிச்சம் பரவி இறங்கும்.

உச்சி வெயிலில் பூச்சிகள் ஓர் இடத்தில் நிற்காது. விடியற்காலையில் அவற்றின் உடல் குளிர்ந்திருப்பதால் சட்டென்று பறக்க முடியாது. அப்போதும் உங்கள் நிழல் மேலே விழாமல் மெதுவாகப் போங்கள்.

அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது செத்துப்போகலாம்; பிழைத்தாலும் அந்தப் படத்தில் அதன் இயல்பான இருப்பு இருக்காது. தட்டான் பறந்துவிட்டால் அங்கேயே காத்திருங்கள். பல தட்டான்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே குச்சி நுனிக்குத் திரும்பி வரும்.