ஓவர்டிரைவ் விழவில்லையா? கியர்பாக்ஸைப் பிரிக்காதீங்க

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஈசிஆரில் 80-ல் போகும்போதும் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தால், ஓவர்டிரைவ் (வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) விழாமல் இருக்கலாம். முதலில் கியர் லீவரில் உள்ள ஓ/டி (ஓவர்டிரைவ்) பட்டனைப் பாருங்கள். டாஷ்போர்டில் 'ஓ/டி ஆஃப்' எரிந்தால் யாரோ தெரியாமல் அழுத்தியிருக்கலாம். அந்த விளக்கு மினுக்கினால் வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடு பதிவாகியிருக்கும்.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயில். வண்டியைச் சூடேற்றி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் நகர்த்தி, 'பி'-யில் (பார்க்கிங்) வைத்து, எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்துப் பாருங்கள் (ஹோண்டாவில் எஞ்சினை அணைத்த உடனே). ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தேய்ந்திருக்கலாம்.

நம்மூரில் பலர் கோட்டைவிடுவது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாத வால்வு. 'சென்னை வெயிலுக்கு எதுக்கு?' என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கூலன்ட் போதிய அளவு சூடாகாவிட்டால் கம்ப்யூட்டர் ஓவர்டிரைவை விடாது. டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். புதிதாகவே வாங்கிப் போடுங்கள்.

எல்லாம் சரி என்றால் சொலினாய்டு, அதாவது கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் மின்சார வால்வு. அதன் கனெக்டரைக் கழற்றி, வண்டி ஆறிய பிறகு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பழைய டொயோட்டா பலவற்றில் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும். மழைத்தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்த பிறகு அளந்து பாருங்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் சொலினாய்டு எடுத்தால், கடையிலேயே அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.