ஒற்றை விளக்கில் உருவப்படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு ஹோலையே ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டு உருவப்படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் பலர் தமது படங்களை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். நான் தொழில் பழகிய காலத்துப் பிழைகளே அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படுவதால் இதனை எழுதுகிறேன். ஃபோகஸ் தவறுவது, பற்றரி இறங்கிப்போவது போன்றவற்றை எவரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெள்ளைச் சுவரை மறந்துவிடுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர், மேலே வெள்ளை சீலிங், கீழே வெள்ளை டைல் பதித்த சிறிய அறையில் ஒரு ப்ளாஷ் விளக்கைப் பொருத்திவிட்டு, முகத்தின் ஒரு பாதி ஆழ்ந்த நிழலில் அமிழும் என்று எதிர்பார்க்கிறார்கள். விளக்கு ஒன்றுதான் என்றாலும், சுவரும் சீலிங்கும் தரையும் அதன் ஒளியை வாங்கி, நிழற்பக்கத்துக் கன்னத்தின் மீது திருப்பி வீசுகின்றன. கறுக்க வேண்டிய நிழல் வெளிறிச் சாம்பலாகிறது; சுவருக்கு இளமஞ்சள் பூசியிருந்தால் அந்த மஞ்சளும் கன்னத்தில் ஏறிவிடுகிறது.

அண்மையில் ஒரு தம்பி, "அண்ணா, என்ர ப்ளாஷுக்குப் பவர் காணாது" என்று சொல்லி, தவணைக்குப் பணம் கட்டிப் பெரிய ப்ளாஷ் ஒன்றை வாங்கிவிட்டார். புதிய ப்ளாஷில் எடுத்த படத்திலும் அதே சாம்பல் நிழல். படத்தின் கண்மணியைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு பக்கத்தில், ஒளியை மென்மையாக்க ப்ளாஷின் முன் மாட்டும் துணிப்பெட்டியான சொஃப்ட்பொக்ஸின் சதுரம் பளிச்சென்று தெரிந்தது. மறுபக்கத்தில், கண்ணின் வளைவை ஒட்டி, மங்கலான வெள்ளைப் பட்டை ஒன்று ஓடியது. அது அவருடைய வீட்டுச் சுவர்.

பவரைக் கூட்டினால் முகத்தில் விழும் ஒளியும் சுவரிலிருந்து திரும்பும் ஒளியும் ஒரே அளவில் கூடும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் அசையாது. அந்த விகிதத்தை மாற்றுபவை தூரமும் மறைப்பும் மட்டுமே. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்மாறாகக் குறைகிறது. நிழற்பக்கச் சுவர் முகத்திலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு முகத்திலிருந்து 2 மீற்றரில் நின்றால், முகம் பெறும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சுவரிலும் விழும். விளக்கை 1 மீற்றருக்கு நெருக்கினால் அது ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே முதலில் விளக்கை நெருக்குங்கள். முகம் அதிக வெளிச்சமானால் பவரைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மறைப்பு. புறக்கோட்டைத் துணிக்கடைகளில் கறுப்பு வெல்வெட் வாங்கி, நிழற்பக்கத்தில், படச்சட்டத்துக்குள் வராத அளவுக்கு முகத்தை நெருங்கித் தொங்கவிடுங்கள். சாட்டின் வேண்டாம், அதன் மினுக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புப் பூசிய ரிஜிஃபோம் பலகையும் போதும். தரையில் கருநிறப் பாய் விரியுங்கள். சொஃப்ட்பொக்ஸின் முகப்பில் மாட்டும் கட்டம் கட்டமான கிரிட் இருந்தால் மாட்டுங்கள், ஒளி பக்கவாட்டில் சிதறாது. அந்தத் தம்பியின் ஹோலில் வெல்வெட்டைத் தொங்கவிட்டு, முன்பிருந்த சிறிய ப்ளாஷையே வைத்து எடுத்தோம். கன்னம் எலும்பின் கோட்டோடு நிழலுக்குள் இறங்கியது. பெரிய ப்ளாஷின் தவணையை அவர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆறாத விடயம்.

சுவர்தான் காரணமா, யன்னல் வெளிச்சமா என்று ஐயம் இருந்தால், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, துவாரம் எஃப்/8 என்று வைத்து, ப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வந்தால் அறை வெளிச்சத்தின் மீது பிழையில்லை. நிழலைக் கெடுப்பது உங்கள் ப்ளாஷின் ஒளியே, சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது.

விளக்கை மிக உயரத்தில் வைத்தல்

புருவ எலும்பின் நிழல் விழுந்து கண்கள் குழியாகிவிடும். கண்மணியில் ஒளிப்புள்ளி தெரியும் வரை விளக்கைத் தாழ்த்துங்கள், அல்லது நாடியைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயரால் வழங்கும் ரெம்ப்ராண்ட் ஒளி வேண்டுமானால் விளக்கு முகத்துக்கு ஏறக்குறைய 45 பாகை பக்கவாட்டிலும் அதேயளவு மேலேயும் இருக்கட்டும். மூக்கின் நிழல் கன்னத்தின் நிழலோடு சேர்ந்து, நிழற்பக்கக் கண்ணுக்குக் கீழே ஒளி முக்கோணம் ஒன்று எஞ்ச வேண்டும்.

வியர்வை

துடைத்துவிட்டு எடுங்கள்.

அளவீட்டைக் கமராவிடம் விட்டுவிடுதல்

கறுப்புப் பின்னணியைக் கண்ட கமரா, காட்சி இருண்டிருக்கிறது என்று முடிவுசெய்து, தானியங்கி ப்ளாஷின் ஒளியைக் கூட்டிவிடும். நம்மவர்களின் மாநிறமும் கருநிறமும் வெளிறிப்போகும். 1944இல் மறைந்த கொழும்பு ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தவர்களுக்கு, இந்தத் தோல் நிறம் நிழலோடு சேரும்போது எவ்வளவு கம்பீரம் பெறுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ப்ளாஷையும் கமராவையும் மெனுவலில் வையுங்கள். நெற்றியின் ஒளிப்பகுதியில் தோலின் நுண்மை கெடாதபடி பவரை அமைத்துவிட்டு, நிழல் எவ்வளவு இருண்டாலும் அதைத் தொடாதீர்கள்.

கருங்கூந்தலைக் கறுப்புப் பின்னணியில் தொலைத்தல்

ஆளைப் பின்னணியிலிருந்து விலக்குவதால் மட்டும் இது தீராது. பின்னணி மேலும் இருளவே செய்யும். கறுப்புக்குப் பதிலாகக் கடும் சாம்பல் நிறத் துணியைப் பின்னால் கட்டி, விளக்கின் ஓரவொளி சிறிதளவு அதில் விழும்படி சொஃப்ட்பொக்ஸைத் திருப்புங்கள். கூந்தலின் விளிம்பு பிரிந்து தெரிய அதுவே போதும், இரண்டாவது விளக்குத் தேவைப்படாது.