ஐ.சி.யூ. திரையில் எதைப் பார்ப்பது: பலத்த தலைக்காயத்துக்குப் பிறகு முதல் நாட்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தலையில் பலமாக அடிபட்டு, கோமா அளவு (நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு 3 முதல் 15 வரை தரும் மதிப்பெண்) 8 அல்லது அதற்குக் கீழே என்று சொல்லிவிட்டார்களா? திரையைப் பார்க்கும் முன், ஆம்புலன்ஸ் தாளைப் பற்றிக் கேளுங்கள். அடிபட்ட இடம் தொலைவில் இருக்கலாம்: ஸ்டாங்கர் ஊரிலிருந்து டர்பனுக்கே சுமார் 70 கிலோமீட்டர். வழியில் மேல் பிரஷர் 90-க்குக் கீழே போனதா, ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதா, எவ்வளவு நேரம்? அடிபட்ட மூளையால் தன் ரத்த ஓட்டத்தைச் சமாளித்துக்கொள்ளப் பல சமயம் முடிவதில்லை. பிரஷர் விழுந்தால் அதுவும் பட்டினி கிடக்கும். ஒரே ஒரு முறை பிரஷர் அப்படி விழுந்தவர்களிடையே இறப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 1993-லேயே அமெரிக்காவில் கண்டார்கள்.

இனி திரை. ஐ.சி.பி. என்பது மண்டைக்குள் இருக்கும் அழுத்தம். 22-ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை. சராசரி ரத்த பிரஷரிலிருந்து (திரையில் MAP) இதைக் கழித்தால் மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை கிடைக்கும். அது 60 முதல் 70 வரை இருக்க வேண்டும். சராசரி 85, ஐ.சி.பி. 25 என்றால் 60. அதே ஐ.சி.பி.யில் சராசரி 75-க்கு இறங்கினால் 50, அது போதாது. இருமும்போதும் சளி உறிஞ்சும்போதும் ஐ.சி.பி. எகிறும், சில நிமிடத்தில் இறங்கிவிட்டால் பதற வேண்டாம். இறங்காவிட்டால் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

தலைமாடு 30 பாகை உயர்ந்திருக்கும், இறக்காதீர்கள். கழுத்து ஒரு பக்கம் மடங்கினாலும் காலர் இறுகினாலும் தலையிலிருந்து ரத்தம் கீழே இறங்க முடியாமல் ஐ.சி.பி. ஏறும். தலையணையைச் சரிசெய்கிறோம் என்று அன்போடு கெடுப்பவர்கள்தான் அதிகம்!

ரத்த பிரஷர் அளக்கும் கருவி காதின் உயரத்தில் இல்லாமல் இதயத்தின் உயரத்தில் இருந்தால், தள்ளும் விசை உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் சுமார் 7 புள்ளி. படுக்கையை உயர்த்தியபின் கருவியைத் திரும்பச் சரிபார்த்தார்களா என்று கேட்கலாம். விரல் குளிர்ந்திருந்தால் ஆக்சிஜன் எண்ணும் பொய் சொல்லும்.

எண்களை வைத்து மட்டும் 'தேறுவார், தேறமாட்டார்' என்று முடிவு கட்டாதீர்கள். பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் நடந்து 2012-இல் வெளியான சோதனையில், ஐ.சி.பி. கருவி பொருத்திச் சிகிச்சை பெற்றவர்களும், பரிசோதனையையும் ஸ்கேனையும் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். மயக்க மருந்து ஓடும்போது விழிப்பும் தெரியாது. தேறிய அளவைப் பொதுவாக 6 மாதம் கழித்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நேரம், எண், என்ன செய்தார்கள். டாக்டர் சுற்றுக்கு வரும்போது அதைக் காட்டிக் கேளுங்கள்.