லண்டன் வங்கி அட்டை நல்லூருக்கு வந்த விதம்

அம்மாவைப் பார்க்கவென்று நல்லூரில் வந்து இருக்கிறேன். லண்டன் வங்கி சாதாரணத் தபாலில் அனுப்பிய புது அட்டை ஆறு கிழமையாகியும் வரவில்லை. மருந்துக் காசுக்கே அந்தரப்பட்டேன். விலாசத்தில் ஒழுங்கையின் பெயர் மட்டும்தான் இருந்ததாம்.

வங்கிக்கு எடுத்துக் கதைத்து, வராத அட்டையை முடக்குவித்தேன். வீட்டு இலக்கம், யாழ்ப்பாணத்துக்கான 40000 என்ற தபால் குறியீடு, 077-இல் முன் பூச்சியத்தை விட்டு +94 சேர்த்த தொலைபேசி இலக்கம் எல்லாம் கொடுத்து, கூரியரில் அனுப்பக் கேட்டேன். தனிக் காசுதான், ஆனால் பொதி எங்கே நிற்கிறதென்று பார்க்க முடிந்தது.

லண்டன் சிம்மை மட்டும் கைவிடாதேங்கோ. விலாசம் மாற்ற ஓடிபி அதற்குத்தான் வந்தது. எட்டாம் நாள் படலையில் கையெழுத்து வைத்து வாங்கினேன். அட்டையின் இரகசிய இலக்கம் (PIN) பழையதே. அன்று பின்னேரமே ஆஸ்பத்திரி வீதியில் காசெடுத்து அம்மாவின் மருந்தை வாங்கிவிட்டேன்.