டாக்சோபிளாஸ்மா: எலிக் கணக்கை மனிதருக்குப் போடாதீர்கள்

வீட்டில் ஒருத்தி உண்டாகியிருந்தால் வளர்த்த பூனையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடச் சொல்லும் பேச்சு ஊட்டி, குன்னூர் பக்கமும் காதில் விழுகிறது. டாக்சோபிளாஸ்மா பயம்தான் காரணம். பூனை மலம் வழியாகவும் சரியாக வேகாத கறி வழியாகவும் தொற்றி, வயிற்றிலிருக்கும் குழந்தையையும் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணி அது. அதில் முக்கியமாக மூன்று வகை. "முதல் வகை கொடியது, மற்ற இரண்டும் சாது" என்று எங்கோ படித்துவிட்டு, நமக்கு வந்தது எந்த வகையோ என்று கலங்குகிறவர்களும் உண்டு. பெரிய தவறு இங்கேதான்.

அந்தக் கொடுமையை அளந்தது சுண்டெலியில். முதல் வகையில் ஒரே ஒரு ஒட்டுண்ணி உடம்புக்குள் போனாலே சுண்டெலி செத்துவிடும். இரண்டாம் வகையை நூற்றுக்கணக்கில் செலுத்தினாலும் பல எலிகள் பிழைத்துக்கொள்ளும். காரணம் புரதங்கள். ஒட்டுண்ணி செல்லுக்குள் நுழைந்ததும் ஒரு பைக்குள் இருந்துகொண்டு பெருகும். எலியின் ஐ.ஆர்.ஜி. என்ற எதிர்ப்புப் புரதங்கள் அந்தப் பையின் சவ்வில் வந்து படிந்து அதைக் கிழிக்கும். ஒட்டுண்ணியோ ஆர்.ஓ.பி.18 என்ற நொதியை அனுப்பி, அவற்றின் மேல் பாஸ்பேட்டை ஏற்றி முடக்கிவிடும். ஆர்.ஓ.பி.5 இதற்குத் துணை. மூன்றாம் வகையில் ஆர்.ஓ.பி.18 மிகக் குறைவாகவே உற்பத்தியாகிறது. இரண்டாம் வகையில் அது இருந்தும், ஆர்.ஓ.பி.5 போதிய துணை தருவதில்லை.

மனிதரிடம் அந்த ஐ.ஆர்.ஜி. படை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அப்புறம் எலிக் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும்? பிரான்ஸில் வயிற்றிலேயே தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளிடம் பெரும்பாலும் கிடைப்பது, எலிக்குச் சாதுவான அந்த இரண்டாம் வகைதான். அதற்காக வகையே முக்கியமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் காட்டு வகைகள், மூன்றுக்குள்ளும் அடங்காதவை, திடகாத்திரமானவர்களையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கின்றன.

கொல்லும் திறனையும் தொற்றும் திறனையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. 1939-ல் அமெரிக்காவில் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த ஆர்.எச். வகை, எலிக்கு எலி மாற்றியே ஆய்வகங்களில் வளர்ந்தது. சுண்டெலிக்கு அது எமன். ஆனால் பூனையின் குடலில் நுண்முட்டை (மலத்தோடு வெளியேறித் தொற்றைப் பரப்புவது) உண்டாக்கும் திறனை அது இழந்துவிட்டது.

வழக்கமான ரத்தப் பரிசோதனை எந்த வகை என்று சொல்லாது. தொற்றின் தொடக்கத்தில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் இப்போதுதான் தொற்றியது என்றும் முடிவு கட்டாதீர்கள். அது மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, தொற்று புதிதா பழையதா என்று பிரித்தறிய உதவும் அவிடிட்டி பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

பூனையைத் துரத்துவதால் பயனில்லை. துரத்தின பூனை எலியைத் தின்றுவிட்டுத் தோட்டத்து மண்ணில்தான் மலம் கழிக்கும். பொதுவாக முதல் தடவை தொற்றும்போது ஓரிரு வாரம்தான் அது நுண்முட்டைகளை வெளியேற்றும். அவை தொற்றும் பக்குவத்துக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். அதனால் மலத்தட்டைக் கர்ப்பிணி அல்லாத வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும்.

நீலகிரியின் குளிர்ந்த ஈர மண்ணில் நுண்முட்டை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். குளோரினுக்கும் அசையாது, தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். 2004-ல் கீழே கோயம்புத்தூரில் பலருக்குக் கண்ணில் இந்த நோய் வந்தபோது குடிநீர்மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஆட்டுக்கறி உள்வரை வேக வேண்டும்.

கேத்தி பாலாடா பக்கம் மெஷினில் கழுவி மூட்டை கட்டும் கேரட் பளபளவென்று இருக்கும். அந்தக் கழுவல் மண் போவதற்குத்தான். பச்சையாகக் கடிப்பதற்கு முன் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவிவிடுங்கள்.